26 கிழமை கர்ப்பம், பச்சையாகக் கோன்ஃபிளவர் மா தின்கிறேன். பிள்ளைக்கு ஏதும் ஆகுமா?

கொக்குவில்காரி:

வீட்டில் யாரிடமும் சொல்லாத விஷயம். முதற் பிள்ளை. நாலாம் மாதம் சத்தி நின்றதும் இவருக்குச் சூப் வைத்தேன். கரைக்க எடுத்த கோன்ஃபிளவர் விரலில் ஒட்டியிருந்தது, நக்கினேன். அவ்வளவுதான். ருசி என்று ஒன்றும் இல்லை. நாக்கில் வைத்ததும் ஈரத்தை எல்லாம் உறிஞ்சும், பல்லுக்கிடையில் புதுச் செருப்பு மாதிரிக் கிறீச்சிடும், பிறகு பாலாகக் கரைந்துவிடும். அந்தக் கிறீச்சுக்குத்தான் இந்தப் பாடு.

இப்போது 200 கிராம் பெட்டி மூன்று நாளுக்குத்தான் காணும். ஒழுங்கைக் கடையில் "என்ன தங்கச்சி, கேக் ஓடரா?" என்று கேட்டுவிட்டார்கள். அதிலிருந்து திருநெல்வேலிச் சந்தைப் பக்கம் போய் வாங்குகிறேன். போன கிழமை சட்டையில் வெள்ளையைக் கண்ட மாமி, "பவுடரைக் குறைச்சுப் போடு பிள்ளை" என்றார்.

சூப்பில், கஸ்டர்ட்டில் காய்ச்சிக் குடித்தால் பிரச்சினை இல்லை என்று தெரியும். இப்படிக் கரண்டியால் அள்ளித் தின்றால்? அப்புறம், மாடிப்படி ஏறவே மூச்சு வாங்குகிறது. அது வயிற்றுப் பாரமாக்கும் என்று விட்டுவிட்டேன்.

சுன்னாகம் பெரியம்மா:

பயப்படாதை மகள். எனக்கு மூத்தவன் வயிற்றில் இருக்கையில் பச்சையரிசி. அது 90ஆம் ஆண்டுக்குப் பிறகு, சாமான் தட்டுப்பாட்டுக் காலம். உலைக்கு அளந்து வைத்த அரிசியில் களவெடுத்துத் தின்று அம்மாவிடம் பேச்சு வாங்கினேன். எங்கள் அம்மம்மா திருநீறு தின்றவராம். ஆசைப்பட்டதைத் தின்னாவிட்டால் பிள்ளைக்குக் காது வடியும் என்பார்கள்.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

காது வடிவது கிருமியால், பெரியம்மா. ஆசையால் இல்லை.

தங்கச்சி, கோன்ஃபிளவர் நஞ்சு இல்லை. கிளைக்கோஜன் சேமிப்பு நோய் என்று ஒன்று இருக்கிறது. அந்தப் பிள்ளைகளுக்கு இரத்தத்தில் சீனி விழாமல் இருக்க இதே மாவைப் பச்சையாகவே, அளவு சொல்லி, வைத்தியர்கள் கொடுக்கிறார்கள். ஆனால் உங்கள் கணக்கைப் பாருங்கள். மூன்று நாளில் 200 கிராம் என்றால் நாளுக்கு ஏறக்குறைய 250 கலோரி, அத்தனையும் மாச்சத்து. புரதமும் இரும்பும் இல்லை என்றே சொல்லலாம். பசி அதிலேயே அடங்கிவிட்டால் பிட்டும் மீன் குழம்பும் கீரையும் எங்கே இறங்கும்? மலச்சிக்கலும் வரலாம், சீனியும் ஏறலாம். காய்ச்சாத மா எதையும் கிருமி இல்லாதது என்று நம்பவும் கூடாது.

இதைவிட எனக்கு யோசனையாக இருப்பது அந்த மூச்சு வாங்கல்தான். மா, அரிசி, மண், ஐஸ் என்று தின்னத் தோன்றுவது பல தடவை இரும்புச்சத்துக் குறைவோடு சேர்ந்தே வரும். கிளினிக் கொப்பியில் ஹீமோகுளோபின் எத்தனை? இரும்புக் குளிசையை எப்படிக் குடிக்கிறீர்கள்?

கொக்குவில்காரி:

முதற் பரிசோதனையில் 10.6. பிறகு பார்க்கவில்லை. குளிசையை வெறும் வாயில் குடித்தால் பிரட்டும், அதனால் காலைத் தேத்தண்ணியோடு, கல்சியத்தையும் சேர்த்து ஒரே விழுங்கு.

ஓய்வுபெற்ற மிட்வைஃப்:

அங்கேதான் பிழை. தேயிலைச் சாயம் இரும்பைப் பிடித்து வைத்துக்கொள்ளும், உடம்பில் சேர விடாது. கல்சியமும் அப்படித்தான். இரும்பை இரவில் தேசிக்காய்த் தண்ணியோடு குடியுங்கள், கல்சியத்தை மதியச் சாப்பாட்டோடு. தேத்தண்ணி இரண்டு மணித்தியாலம் தள்ளி. நீங்களாகக் குளிசையைக் கூட்ட வேண்டாம். அடுத்த கிளினிக் நாள் வரை நிற்காமல் நாளைக்கே போய், மா தின்கிற கதையை ஒளிக்காமல் சொல்லுங்கள். அவர்கள் இப்படி எத்தனையோ பேரைக் கண்டிருப்பார்கள்.

கொக்குவில்காரி:

போனேன். ஹீமோகுளோபின் 9.2க்கு இறங்கிவிட்டது. வேறு இரத்தச் சோதனைகளும் எழுதினார்கள், சீனிச் சோதனையும் இந்தக் கிழமையே. மா கதையைச் சொன்னபோது டொக்டர் சிரிக்கவில்லை, கொப்பியில் குறித்துக்கொண்டார்.

ஆசை இன்னும் நிற்கவில்லை. நேற்றும் இரண்டு கரண்டி. மிச்சப் பெட்டியை மாமியிடம் கொடுத்து எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். அவர் ஒரு கிள்ளு எடுத்து வாயில் போட்டு, கொஞ்ச நேரம் மென்று பார்த்துவிட்டு, "இதிலை என்ன கிடக்கெண்டு தின்னுறாய்?" என்றார்.