கடலூரில் எடுக்கும் தண்டுவட நீர் புதுச்சேரி லேபுக்குப் போவதற்குள் கெட்டுப்போகுமா?

கெடிலக்கரை:
மஞ்சக்குப்பத்தில் சின்ன மருத்துவமனை. காய்ச்சலோடு குழப்பம், கழுத்து விறைப்பு, வலிப்பு என்று வருகிறவர்களுக்கு எல்.பி. (முதுகில் ஊசி குத்துவது) செய்து சி.எஸ்.எஃப். (தண்டுவட நீர்) எடுக்கிறோம். மைக்ராஸ்கோப், சென்ட்ரிஃப்யூஜ், செல் எண்ணும் நியூபார் சேம்பர் எல்லாம் இங்கேயே உண்டு. ஆனாலும் மொத்த சாம்பிளும் ஒரே டியூபில், ஐஸ் பாக்ஸில், பஸ் ஏறிப் புதுச்சேரிக்குப் போகிறது. அரியாங்குப்பம் நெரிசலைத் தாண்டி லேப் மேசைக்கு வர இரண்டு, இரண்டரை மணி நேரம். கடைசியாக வந்த ரிப்போர்ட்: செல் 40, அதில் லிம்போசைட் (ஒரு வகை வெள்ளையணு) 90 சதவீதம், புரோட்டீன் 110, சுகர் 52 (இரண்டும் மி.கி./டெ.லி.). கல்ச்சரில் (கிருமியை வளர்த்துப் பார்ப்பது) ஒன்றும் வளரவில்லை. இதை நம்பலாமா? எத்தனை மில்லி எடுத்து, எதில் ஊற்றி, எப்படி அனுப்புவது?

ஆய்வகமேசை:
ஐஸ் பாக்ஸ்தான் முதல் தப்பு. மெனிங்கோகாக்கஸ், ஹீமோஃபிலஸ் என்ற மூளைக்காய்ச்சல் பாக்டீரியா இரண்டுக்கும் குளிர் ஆகாது. கல்ச்சர் டியூப் அறை வெப்பத்திலேயே போகட்டும். ஃபிரிட்ஜ் குளிர் (2–8 டிகிரி) வைரஸ் பி.சி.ஆர். (மரபணுச் சோதனை), ஆன்டிபாடி டியூபுகளுக்கு மட்டும்.

இரண்டாவது, செல் கவுண்ட்டை பஸ் ஏற்றவே கூடாது. நியூட்ரோஃபில் (சீழ் நோயில் ஏறும் வெள்ளையணு) ஒரு மணி நேரத்தில் மூன்றில் ஒரு பங்கு, இரண்டு மணி நேரத்தில் பாதி அழிந்துவிடும். லிம்போசைட் அவ்வளவு சீக்கிரம் சிதையாது. உங்கள் ரிப்போர்ட்டில் அந்த 90 சதவீதம் நோயாளியின் உடம்பில் இருந்ததா, வழியில் உண்டானதா என்று யாராலும் சொல்ல முடியாது. சேம்பர் கையில் இருக்கும்போது இது வீண். தெளிவான நீரை நீர்க்காமல் ஏற்றுங்கள், ஈரத்துணி வைத்த பெட்ரி தட்டில் மூடி ஐந்து நிமிடம் செல் படியட்டும், ஒன்பது பெரிய கட்டங்களையும் எண்ணி 1.1ஆல் பெருக்குங்கள். 5 வரை நார்மல்.

டியூப் விஷயம்: பெரியவர்களிடம் 10–12 மில்லி எடுக்கப் பயப்பட வேண்டாம். உடம்பு மணிக்குச் சுமார் 20 மில்லி ஊறவைக்கிறது. முதல் டியூபில் ஊசி குத்திய ரத்தமும் தோலில் இருந்த கிருமியும் வரும், அதனால் அது பயோகெமிஸ்ட்ரிக்கு: அரை மில்லி சாம்பல் மூடி ஃபுளோரைடு டியூபில் சுகருக்கு, ஒரு மில்லி சாதா டியூபில் புரோட்டீனுக்கு. ஃபுளோரைடு இல்லாவிட்டால், சீழ் உள்ள நீரில் செல்கள் போகிற வழியிலேயே சுகரைத் தின்றுவிடும். இரண்டாவது, ஸ்டெரைல் டியூப், கிராம் ஸ்டெயினுக்கும் (சாயமேற்றிக் கிருமி பார்ப்பது) கல்ச்சருக்கும். மூன்றாவது உங்கள் சேம்பருக்கு. காசநோய் சந்தேகம் இருந்தால் அதற்கென்றே தனியாக 6 மில்லியாவது வேண்டும். அரை மில்லியை அனுப்பிவிட்டு 'சி.பி.நாட் (காசநோய்க் கிருமியின் மரபணுச் சோதனை) நெகட்டிவ்' என்று நிம்மதியடைவது ஆபத்து. போதுமான அளவு அனுப்பி நெகட்டிவ் வந்தாலும் காசநோய் இல்லை என்று ஆகாது.

தென்பெண்ணை:
மேலே சொன்னதோடு ஒன்று. அந்தச் சுகர் 52 தனியாக நின்றால் அதற்கு அர்த்தமே இல்லை. அதே நேரத்து ரத்தச் சுகர் 110 என்றால் விகிதம் (52 ÷ 110) 0.47, லேசான குறைவு. சர்க்கரை நோயாளி, ரத்தத்தில் 240 என்றால் 0.22, சீழ் மூளைக்காய்ச்சலும் காசநோயும் உடனே பட்டியலின் மேலே வந்துவிடும். 0.6 பக்கம் இருப்பது நார்மல். எல்.பி.க்கு முந்தின அரை மணிக்குள் ரத்தம் எடுத்துவிடுங்கள். இதில் வலிப்போடு வருகிறவர்களுக்கு ஒரு பொறி உண்டு: கேஷுவாலிட்டியில் 25 சதவீத டெக்ஸ்ட்ரோஸ் (குளுக்கோஸ்) ஏற்றியிருப்பார்கள். ரத்தச் சுகர் உடனே ஏறும், தண்டுவட நீரில் ஏறச் சில மணி நேரம் ஆகும். விகிதம் பொய்யாகக் குறைந்து தெரியும். டெக்ஸ்ட்ரோஸ் போடுவதற்கு முன் எடுத்த மதிப்பு இருந்தால் அதையும் எழுதுங்கள்.

40 செல், லிம்போசைட் அதிகம், புரோட்டீன் 110 என்றால் நம் பக்கத்தில் காசநோயோடு நிறுத்தக் கூடாது. நுண்ணிய பூச்சி கடித்து வரும் ஸ்கிரப் டைஃபஸ் காய்ச்சலும் இப்படித்தான் காட்டும், சுகர் மட்டும் பெரும்பாலும் அவ்வளவு இறங்காது. அக்குள், தொடை இடுக்கு, மார்பின் அடி எல்லாம் துணி விலக்கிப் பாருங்கள், சிகரெட் சுட்ட மாதிரி கறுத்த பொருக்கு இருக்கும். வலியும் இருக்காது, அரிப்பும் இருக்காது என்பதால் நோயாளி அதைச் சொல்லவே மாட்டார். பொருக்கு இல்லை என்பதால் ஸ்கிரப் இல்லை என்றும் ஆகாது. விருத்தாசலம் பக்கத்து நெல் வயல் ஊர்களிலிருந்து வரும் பிள்ளைகளுக்கு ஜப்பானிய மூளைக்காய்ச்சல் ஐ.ஜி.எம். எலைசாவை (ஆன்டிபாடி சோதனை) தண்டுவட நீரிலேயே கேளுங்கள். ரத்தத்தில் மட்டும் பார்த்தால் சமீபத்தில் போட்ட தடுப்பூசியும் பாசிட்டிவ் காட்டக்கூடும். காய்ச்சலின் முதல் இரண்டு மூன்று நாளில் நெகட்டிவ் வந்தால் அதை முடிவாக எடுக்காமல், ஏழாம் நாளுக்கு மேல் திரும்பப் பாருங்கள். ஹெர்பிஸ் பி.சி.ஆரும் அப்படித்தான்: முதல் மூன்று நாளில் தவறவிடலாம், சந்தேகம் பலமாக இருந்தால் ஹெர்பிஸ் மருந்தான அசைக்ளோவிரை நிறுத்தாதீர்கள்.

கெடிலக்கரை:
மிக்க நன்றி சார். நீரில் ரத்தம் கலந்து வந்தால் சாம்பிளையே விட்டுவிடுவதா?

ஆய்வகமேசை:
வேண்டாம் தம்பி, கணக்குப் போட்டுப் பார்க்கலாம். சிவப்பணு 700க்கு ஒரு வெள்ளையணு, 1000க்கு 1 மி.கி. புரோட்டீன் என்று கழியுங்கள். சிவப்பணு 7000, வெள்ளையணு 40, புரோட்டீன் 60 என்றால் மிஞ்சுவது 30ம் 53ம். அப்போதும் நார்மல் இல்லை. இது உத்தேசக் கணக்குதான். நீர் சிவப்பாகவே வந்தால் இந்தக் கணக்கை நம்பாதீர்கள்.

ஊசி குத்திய ரத்தமா, மூளையில் கசிந்த ரத்தமா என்பது அடுத்த கேள்வி. டியூப் மாற மாற நிறம் வெளுத்தால் பெரும்பாலும் ஊசிதான். உடனே சென்ட்ரிஃப்யூஜில் சுற்றி, மேல்நீரைத் தண்ணீர் டியூபோடு சேர்த்து வெள்ளைத் தாளுக்கு முன்னால் பிடியுங்கள். மஞ்சள் தட்டினால் பழைய ரத்தம். ஆனால் தலைவலி தொடங்கிப் பன்னிரண்டு மணி நேரம் ஆகாவிட்டால் மஞ்சள் ஏறியிருக்காமல் போகலாம். மஞ்சள் காமாலையிலும், புரோட்டீன் 150க்கு மேல் போனாலும் நீர் மஞ்சளாகத் தெரியும். ரத்தம் சிதைந்து வரும் மஞ்சள் நிறமியை (பிலிருபின்) அளக்க வெளியே அனுப்பினால் டியூபைக் கறுப்புத் தாளில் சுற்றுங்கள், வெளிச்சம் பட்டால் பிலிருபின் சிதையும்.

தென்பெண்ணை:
ஜிப்மருக்கு அனுப்பும் நோயாளி என்றால் ரெஃபரல் சீட்டில் எல்.பி. எடுத்த மணியையும், முதல் ஆன்டிபயாடிக் ஊசி போட்ட மணியையும் எழுதுங்கள். ஊசி போட்ட இரண்டு மணி நேரத்திலேயே மெனிங்கோகாக்கஸ் கல்ச்சரில் வராமல் போகலாம். ஆனால் செல் எண்ணிக்கையும் புரோட்டீனும் ஏறியபடியே சில நாள் நிற்கும். எல்.பி. தாமதமாகும் என்றால் ரத்தக் கல்ச்சரை எடுத்துக்கொண்டு ஊசியைப் போட்டுவிடுங்கள். நீர் எடுப்பதற்காக மருந்தை நிறுத்தி வைக்காதீர்கள்.