சின்ன பற்றறி ரட்செற் எது எடுக்கலாம்? கெதியா சொல்லுங்கோ

விசுவமடு_கராச்:
வணக்கம். கராச் வேலைக்கு கைக்கு அடக்கமான பற்றறி ரட்செற் (நட்டு, போல்ற்றைச் சுத்திக் கழட்டிப் பூட்டுற சாமான்) ஒண்டு வேணும், எது நல்லம்? அண்ணா வாற வியாழன் வெளிக்கிடுறார், அதுக்குள்ள சொல்லிவிடோணும். கையால சுத்திச் சுத்தி மணிக்கட்டு விட்டுப்போச்சு. கெதியா சொல்லுங்கோ.

மல்லாவியான்:
அண்ணா எந்த நாட்டில இருந்து வாறார்? என்ன வாகனம் செய்யிறீங்கள்? உங்கட சொக்கெற் (நட்டில மாட்டுற குப்பி) கொழுவிற சதுரம் கால் இஞ்சியா, 3/8 ஆ, அரை இஞ்சியா? ஏற்கனவே பற்றறி மெசின் ஏதும் கிடக்கோ? ஒண்டும் சொல்லாமல் எது நல்லம் எண்டு கேட்டா என்னத்தைச் சொல்லுறது தம்பி.

பரந்தன்_பெடியன்:
மில்வோக்கி 12 வோல்ற். வேற யோசிக்காதேங்கோ. பியூவல் எண்டு வாற 3/8 மொடல் 55 அடி றாத்தல் முறுக்கு விசை இழுக்கும், நியூட்டன் மீற்றர் கணக்கில 75 க்குக் கிட்ட. மச்சான் லண்டனில உதைத்தான் பாவிக்கிறார், தலை மெல்லிசு எங்கயும் போகும்.

பழைய_ஸ்பானர்:
இந்தத் தொழிலுக்கு நான் வந்து 31 வருசம். ரோச் பற்றறிக்கே தடை இருந்த காலத்தில மண்ணெண்ணையில மோட்டச்சைக்கிள் ஓடப்பண்ணினனாங்கள், எல்லாம் கையாலதான். முதல்ல ஒண்டை விளங்கிக்கொள்ளுங்கோ, பற்றறி ரட்செற் நட்டை இளக்கிற சாமான் இல்லை, இளகின நட்டை ஓடவிடுற சாமான். கறள் பிடிச்ச நட்டில கொழுவி அமத்திப்போட்டு மெசின் சரியில்லை எண்டு வந்து எழுதுவியள். நல்ல 72 பல்லு கை ரட்செற் ஒண்டை வேண்டுங்கோ, 5 பாகை அசைச்சாலே அடுத்த பல்லு பிடிக்கும். உங்கட கராச்சில இப்ப கிடக்கிறது 24 பல்லாத்தான் இருக்கும், அதுக்கு 15 பாகை வேணும். மணிக்கட்டு நோகிறதுக்கு அதுதான் காரணம். இப்பத்தைய பெடியளுக்கு முதல் மெசின் வேணும், பிறகுதான் வேலை பழகிறது.

குளத்தடி_வெல்டிங்:
கராச் எண்டா கொம்பிரசர் இருக்கும்தானே, காத்து ரட்செற் எடுங்கோ. பற்றறி சாகாது, சார்ஜ் ஏத்துற வேலை இல்லை, நாள் முழுக்க அடிக்கலாம், மெசினும் சின்னன். நான் வருசக்கணக்கா ஒண்டைத்தான் வச்சிருக்கிறன்.

மல்லாவியான்:
காலபோக வெட்டு நேரம் வெட்டு மெசின் வயலுக்குள்ள நிண்டா கொம்பிரசரைத் தூக்கிக்கொண்டே போறது? ரெண்டாயிரம் வரம்பு கடந்து.

குளத்தடி_வெல்டிங்:
அவர் வெட்டு மெசின் எண்டு சொன்னவரே? கராச் எண்டுதான் எழுதியிருக்கு.

மல்லாவியான்:
விசுவமடுவில கராச் வச்சிருக்கிறவன் மாசி மாசம் வயலுக்குப் போகாமல் இருந்ததை நான் காணேல்லை. அதோட உங்கட கொம்பிரசர் ராங்கில தண்ணி இறக்கி எவ்வளவு காலம்? அந்தத் தண்ணி ஓசுக்குள்ளால வந்துதான் காத்து ரட்செற்றின்ர உள்ளுக்கைத் தின்னுறது. நாளாந்தம் ரெண்டு சொட்டு எண்ணெய் விடோணும், ஒருத்தரும் விடுறேல்லை.

குளத்தடி_வெல்டிங்:
நான் விடுறனான். ஒவ்வொரு நாள் காலமையும் தண்ணியும் இறக்கிறனான். சாமானைப் பராமரிக்காதவன்ர பிழைக்கு சாமானைக் குறை சொல்லாதேங்கோ.

விசுவமடு_கராச்:
குறை நினையாதேங்கோ, வேலையோட நிண்டனான். அண்ணா கனடா. நான் செய்யிறது பட்டா (டாட்டா சின்ன லொறி), ஓட்டோ, லான்ட்மாஸ்ரர் (ரெண்டு சில்லு உழவு மெசின்), மோட்டச்சைக்கிள். சொக்கெற் 3/8 தான் கூட. கொம்பிரசர் இல்லை. மக்கிற்றா 18 வோல்ற் ட்ரில் ஒண்டு இருக்கு, பற்றறி ரெண்டு, சார்ஜர் இஞ்ச எடுத்தது. பட்டாவில எஞ்சின் சீற்றுக்குக் கீழ கிடக்கு, போல்ற் இளகினாப் பிறகும் கால் சுத்துக்குமேல கை திரும்பாது, ஒரு போல்ற்றோட அரை மணித்தியாலம். அதுதான் பிரச்சினை.

கிளி_வயறிங்:
இதை முதலே சொல்லியிருந்தா கதை முடிஞ்சிருக்கும். கனடாவில 120 வோல்ற், இஞ்ச 230. அங்கத்தைய சார்ஜரை இஞ்ச செருகினா புகைதான், இந்த வருசம் மட்டும் எங்கட கடைக்கு அப்பிடி மூண்டு வந்திட்டுது. பெட்டியா எடுக்கவேண்டாம், பற்றறி சார்ஜர் இல்லாமல் தனி மெசினா எடுக்கச் சொல்லுங்கோ. மக்கிற்றா 18 வோல்ற் ரட்செற் அங்க எக்ஸ்ஆர்டபிள்யூ01இசட் எண்டு வரும், கடைசி இசட் எண்டா வெறும் மெசின். வேற நாடுகளில அதே சாமானுக்கு டிடபிள்யூஆர்180 எண்டு பெயர். சொக்கெற் கொழுவிற சதுரம் கால் இஞ்சியும் 3/8 உம் மாத்தலாம், 47.5 நியூட்டன் மீற்றர், நிமிசத்துக்கு 800 சுத்து. உங்கட ட்ரில் பற்றறி எல்எக்ஸ்ரி (மக்கிற்றாவின்ர 18 வோல்ற் பற்றறி வகை) தானே எண்டு ஒருக்கா பாத்திட்டுச் சொல்லிவிடுங்கோ.

பரந்தன்_பெடியன்:
47 தானே, நான் சொன்னது 75.

கிளி_வயறிங்:
உண்மை. ஆனா உங்கட பியூவல் 200 சுத்து, இது 800. அவருக்கு வேண்டியது ஓட்டம். மில்வோக்கி எண்டா புதுப் பற்றறியும் 230 வோல்ற் சார்ஜரும் தேடித் திரியோணும்.

மல்லாவியான்:
18 வோல்ற் பற்றறி பின்பக்கம் கொழுக்கும், அதையும் யோசியுங்கோ. 12 வோல்ற் எண்டு விக்கிறது உண்மையில 10.8, மூண்டு செல், அதால பிடி மெல்லிசா வரும். பட்டா சீற்றைத் தூக்கினா மேலால இடம் இருக்குத்தானே, தலை போனாக் காணும்.

இன்னொரு முக்கியமான விசயம், இதை வடிவா வாசியுங்கோ. 6 மில்லிமீற்றர் போல்ற்றுக்கு 10 நியூட்டன் மீற்றர் அளவுதான் இறுக்கம், 8 க்கு 25, 10 க்கு 50 க்குக் கிட்ட, தலையில 8.8 எண்டு பலம் அடிச்ச சாதாரண போல்ற்றின்ர கணக்கு. மோட்டச்சைக்கிள் எஞ்சின் மூடி போல்ற் கூடுதலா 6. விசையை முழுக்க அமத்தினா அலுமினியத்தில புரி கழண்டு வரும், இல்லாட்டி போல்ற் முறியும். ரெண்டு மூண்டு புரி கையால பிடிக்கவிட்டு, பிறகு மெசின், கடைசி இறுக்கம் ரோர்க் ரெஞ்சால (இறுக்கத்தை அளந்து காட்டுற ரெஞ்ச்).

விரலும் கவனம். நட்டு போய் அடியில முட்டின உடன மெசின் சுழட்டி அடிக்கும். எனக்கு சேசிசுக்கும் பிடிக்கும் இடையில சின்ன விரல் நசிஞ்சு நகம் போனது, ஆறு மாசம் எடுத்தது. முட்டுற பக்கம் கை வைக்கவே வேண்டாம்.

பழைய_ஸ்பானர்:
இதைத்தான் நானும் சொன்னனான். இளக்கிறது கையால, இறுக்கிறது கையால, நடுவில ஓடுறதுக்கு மட்டும் மெசின்.

பரந்தன்_பெடியன்:
மெசினையே கை ரட்செற் மாதிரிப் பிடிச்சு இளக்கலாம் அண்ணை, தலை பூட்டி நிக்கும். மச்சான் செய்யிறவர்.

பழைய_ஸ்பானர்:
லேசா இருக்கிறதை இளக்கலாம். குழாய் போட்டு நீட்டி இழுத்தா தலைக்குள்ள பல்லு உடையும். உங்கட மச்சானுக்கு லண்டனில புதுசு வேண்டலாம், விசுவமடுவில தலை எங்க வேண்டுறது? கறள் எண்டா எண்ணெய் விட்டு ஒரு இரவு விடுங்கோ, காலமை நீட்டுப் பிடி அரை இஞ்சியால இளக்குங்கோ.

குளத்தடி_வெல்டிங்:
கொம்பிரசர் இருந்திருந்தா இந்தத் தலை பற்றறி சார்ஜர் கதை ஒண்டும் இல்லை எண்டதை மட்டும் சொல்லிவைக்கிறன்.

விசுவமடு_கராச்:
அண்ணா கொண்டுவந்திட்டார், வெறும் மெசின், என்ர பற்றறி சரியாப் பொருந்துது. நேற்று பட்டா ஒண்டில டைனமோ கழட்டினனான், கையால இளக்கிப்போட்டு ஓடவிட அஞ்சு நிமிசம் கூட இல்லை. விரல் சொன்னதுக்கு மல்லாவி அண்ணைக்கு நன்றி, ஒருக்கா சுழட்டினது, கை அங்கால இருந்தது. 24 பல்லு எண்டதும் சரி, எண்ணிப் பாத்தனான்.

பரந்தன்_பெடியன்:
எவ்வளவு முடிஞ்சது? அங்கத்தைய வரியோட சொல்லுங்கோ.

பரந்தன்_பெடியன்:
அண்ணை?