ஆய்வு உதவியாளர் பணிக்குத் திருகோணமலையிலிருந்து எவ்வாறு முயல்வது?

உப்புவெளி வாசகி:
வணக்கம். கிழக்குப் பல்கலைக்கழகத்தின் வந்தாறுமூலை விஞ்ஞான பீடத்தில் இரசாயனவியலில் சிறப்புப் பட்டம் பெற்று, இப்போது உப்புவெளியில் பெற்றோருடன் இருக்கிறேன். ஆசிரியர் நியமனம் வரும்வரை பொறுத்திருக்கும்படி வீட்டில் சொல்கிறார்கள். எனக்கோ ஆய்வுகூடத்தை விட்டு விலக மனமில்லை. கோணேசபுரியிலுள்ள திருகோணமலை வளாகத்திலோ, யாழ்ப்பாணம், பேராதனை போன்ற பல்கலைக்கழகங்களிலோ ஆய்வு உதவியாளராகச் சேர வழி என்ன? பத்திரிகைகளில் விரிவுரையாளர் பதவிகளுக்கான விளம்பரங்களே பெரும்பாலும் கண்ணில் படுகின்றன.

முன்னாள் செய்முறை விளக்குநர்:
தங்கை, நீங்கள் காணும் விளம்பரங்கள் பல்கலைக்கழகத்தின் ஆளணியில் உள்ள பதவிகளுக்கானவை; அவற்றைப் பதிவாளர் அலுவலகம் கோருகிறது. ஆய்வு உதவியாளர் பணி அப்படிப்பட்டதன்று. தேசிய விஞ்ஞான மன்றம், தேசிய ஆராய்ச்சிப் பேரவை போன்ற நிறுவனங்கள் ஒரு பேராசிரியருக்கோ விரிவுரையாளருக்கோ வழங்கும் ஆய்வு மானியத்திலிருந்தே அதற்கான கொடுப்பனவு வருகிறது. ஆகவே மானியம் கிடைத்தவர் யார், எந்தப் பொருளில் ஆய்வு செய்கிறார் என்பதைத் துறைகளின் இணையப்பக்கங்களிலும் அண்மைய ஆய்வுக் கட்டுரைகளிலும் தேடி, அவருக்கே நேரடியாக எழுதுவதுதான் பயன் தரும். எல்லோருக்கும் ஒரே மடலை அனுப்பாதீர்கள். உங்கள் இறுதியாண்டு ஆய்வைப் பற்றி ஒரு பக்கம் எழுதி, எந்தக் கருவிகளை நீங்களே இயக்கினீர்கள் என்பதையும் தெளிவாகக் குறிப்பிடுங்கள். வெறும் பெறுபேற்றைவிட அதையே அவர்கள் கவனித்துப் படிப்பார்கள்.

பேராதனையில் பயில்பவர்:
மேலே சொன்னதுடன் ஒன்றைச் சேர்க்கிறேன். கொடுப்பனவை மட்டும் பார்த்து ஒப்புக்கொள்ளாமல், அந்த ஆய்வைக் கொண்டு முதுதத்துவமாணிப் பட்டத்துக்கு (எம்.பில்., ஆய்வு வழி முதுநிலைப் பட்டம்) பதிவு செய்ய முடியுமா, பதிவுக் கட்டணத்தை மானியம் ஏற்குமா என்று முதலிலேயே கேளுங்கள். பட்டப் பதிவு இல்லாமல் மாதிரிகளைச் சேகரித்துப் பகுப்பாய்வு செய்துகொண்டே இருந்தால், மானியம் முடியும் நாளில் உங்கள் கையில் ஒரு சான்றுக் கடிதம் மட்டுமே மிஞ்சும். இதை நான் மிகவும் வலியுறுத்துகிறேன், ஏனெனில் நம் பகுதிப் பிள்ளைகள், குறிப்பாகப் பெண் பிள்ளைகள், இப்படிக் கேட்பதை மரியாதைக் குறைவாக எண்ணித் தயங்குகிறார்கள்.

இன்னொன்று, உங்கள் ஊரே உங்களுக்குப் பலம். நிலாவெளிக் கரையோர மணற்பாங்கான நிலத்தில் கிணற்று நீர் உவர்ப்பாவது, கன்னியா வெந்நீரூற்றுகளின் கனிமச் சேர்க்கை, புறாத்தீவுப் பவளப்பாறைகளைச் சூழ்ந்த நீரின் தரம் ஆகிய மூன்றுமே இரசாயனவியலாளருக்குரிய கேள்விகள்தாம். புறாத்தீவு 2003 முதல் தேசிய பூங்காவாக இருப்பதால், அங்கு மாதிரி எடுக்க வனசீவராசிகள் திணைக்களத்தின் அனுமதி முன்கூட்டியே தேவை.

உப்புவெளி வாசகி:
இருவருக்கும் மிக்க நன்றி. ஆய்வு உதவியாளராகச் சேர்ந்த பின் ஆசிரியர் நியமனம் வந்தால் அதை ஏற்க முடியுமா?

முன்னாள் செய்முறை விளக்குநர்:
ஆய்வு உதவியாளர் பணி ஒப்பந்த அடிப்படையிலானது. அது நிரந்தர அரச நியமனமாகாது. எத்தனை நாள் முன்னறிவித்தல் கொடுத்து விலக வேண்டும் என்பது ஒப்பந்தத்தில் இருக்கும், கையொப்பமிடுமுன் அந்தப் பந்தியை வாசியுங்கள். உங்கள் மேற்பார்வையாளரிடமும் இதை மறைக்க வேண்டாம்.