ஐந்து வயதுப் பையன் கால் மணிக்கொரு தடவை ஒன்றுக்குப் போகிறான்: சர்க்கரையாக இருக்குமா?

கேட்டவர்:
போன வாரத்திலிருந்து இப்படி. விளையாட்டை நடுவில் விட்டுவிட்டு, முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்டு ஓடுகிறான். போனால் நாலு சொட்டுதான். எரிச்சல் இல்லை, காய்ச்சல் இல்லை. தூங்கிவிட்டால் விடியும்வரை எழுவதில்லை. மாமியார் தண்ணீரைக் குறைக்கச் சொல்கிறார். எனக்குச் சர்க்கரை பயம்.

குழந்தைகள் வார்டு செவிலியர்:
தண்ணீரைக் குறைக்காதீர்கள் அம்மா. சிறுநீர் அடர்த்தியானால் சிறுநீர்ப்பையை இன்னும் உறுத்தும். சர்க்கரை என்றால் பொதுவாக ஒவ்வொரு தடவையும் நிறையப் போகும், தாகம் அடங்காது, உடம்பு இளைக்கும், இரவிலும் எழுப்பும். நீங்கள் சொல்வது அப்படித் தெரியவில்லை. இருந்தாலும் சிறுநீர்ப் பரிசோதனையைத் தள்ளிப்போட வேண்டாம். கிருமித்தொற்றையும் சர்க்கரையையும் அதில் பார்த்துவிடலாம். தாகத்தோடு வாந்தி, வயிற்றுவலி, வேகமான மூச்சு, அசதித் தூக்கம் என்று ஏதாவது வந்தால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

மலம் எப்படிப் போகிறான்?

கேட்டவர்:
இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை, அதுவும் முக்கி முக்கி. இதற்கும் அதற்கும் என்ன சம்பந்தம்?

செவிலியர்:
நிறைய. மலக்குடல் சிறுநீர்ப்பைக்குப் பின்னாலேயே இருக்கிறது. அங்கே மலம் தேங்கினால் பையை நெருக்கும். கொஞ்சம் நிரம்பினாலே முட்டும். வயதோடு 2 கூட்டி 30-ஆல் பெருக்கினால் பையின் தோராயக் கொள்ளளவு மில்லிலிட்டரில் வரும். உங்கள் பையனுக்குச் சுமார் 210. ஒருநாள் முழுக்க அளவுக் குவளையில் பிடித்து, நேரத்தோடு எழுதி டாக்டரிடம் காட்டுங்கள். அந்தத் தாள் பாதி வேலையை முடித்துவிடும்.

இரண்டு பிள்ளைகளின் அப்பா:
தம்பி பிறந்தபோது என் மகளுக்கும் இதே கதை, பகலில் மட்டும். பரிசோதனையில் ஒன்றும் இல்லை. மனதில் ஏதாவது அழுத்தம் இருந்தால் இந்த வயதில் இப்படி வரும், சில வாரங்களிலோ மாதங்களிலோ தானாகப் போய்விடும் என்றார் டாக்டர். "இப்பதானே போனே?" என்று கேட்பதை விட்டோம். வகுப்பில் கேட்டவுடன் அனுப்பும்படி ஆசிரியையிடம் சொன்னோம். மெல்ல மெல்லக் குறைந்தது. உங்கள் வீட்டில் புதிதாக ஏதாவது நடந்ததா?

கேட்டவர்:
பள்ளி மாற்றினோம், அண்ணா. அங்கே கழிவறைக்குப் போகவே பயப்படுகிறானாம், நேற்றுதான் சொன்னான். பரிசோதனை முடிவு வந்துவிட்டது: தொற்றும் இல்லை, சர்க்கரையும் இல்லை. மலம் இளக மருந்து கொடுத்திருக்கிறார்கள். இன்னும் ஓடத்தான் ஓடுகிறான். குறிப்புத் தாளோடு அடுத்த வாரம் வரச் சொல்லியிருக்கிறார்கள்.