பண்டிகை நாளில் ட்ஸவ் 8 (இஸ்ரேல் ராணுவத்தின் அவசர ரிசர்வ் அழைப்பாணை) வந்தால் வீட்டில் என்ன தயாராக இருக்கணும்?

ஹைஃபாக்காரி:
வீட்டுக்காரர் மிலுயிம் (ரிசர்வ்) படைப்பிரிவில் இருக்கிறார். எந்த நேரமும் அவசர அழைப்பு வரலாம் என்று சொல்லியிருக்கிறார்கள். ரோஷ் ஹஷானா (யூதப் புத்தாண்டு) தொடங்கிவிட்டால் போனைத் தொட மாட்டோம். அழைப்பு வந்தது எப்படித் தெரியும்? அவர் கிளம்பும்போது நான் என்னென்ன செய்யலாம்?

நெகேவ் நிலா:
போனை அணைக்காதீங்க. பிகுவாஹ் நெஃபெஷ், அதாவது உயிர் காக்கும் கடமை, சப்பாத்தையும் (வார ஓய்வுநாளான சனி) பண்டிகையையும் விலக்கி நிற்கும். பண்டிகை மெழுகுவர்த்தி ஏற்றும் முன்பே சார்ஜரில் செருகி, மணிச்சத்தத்தைக் கூட்டி, படுக்கையறைக்குக் கேட்கும் இடத்தில் வையுங்க.

பலரும் தவறுவது இங்கேதான்: தெரிந்த எண்கள் மட்டும் ஒலிக்கும்படி அமைத்துவிடுகிறார்கள். தானியங்கி அழைப்பு பதிந்து வைக்காத எண்ணிலிருந்தும் வரலாம். அதனால் வாட்ஸப் குழுக்களை மட்டும் ஊமையாக்குங்க. தானாக அப்டேட் ஆவதையும் நிறுத்துங்க. இரவில் போன் அணைந்து எழுந்து சிம் பின் கேட்டு நின்றால் எந்த அழைப்பும் வராது.

பழைய மிலுயிம்:
பையை முந்தின நாள் பகலிலேயே கட்டிவிடணும். டெஃபிலின் (தொழுகையில் கையிலும் தலையிலும் கட்டும் தோல் பெட்டிகள்), பர்ஸ், கார் சாவி எல்லாம் முக்த்சே, பண்டிகையன்று காரணமில்லாமல் கையாளக் கூடாதவை. அழைப்பு வந்தபின் எடுக்கத் தடையில்லை, ஆனால் அந்தப் பதற்றத்தில் ஒன்றிரண்டு விட்டுப்போகும். பழகிய பூட்ஸ் (புதுசு காலைக் கடிக்கும்), 6 ஜோடி காலுறை, தலைவிளக்கு, பவர் பேங்க், ஒரு மாத மருந்து, அடையாள அட்டை. துப்பாக்கியும் கவசமும் படைக் கிடங்கில் தருவார்கள்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பண்டிகையில் எரிகிற தீயிலிருந்து பற்றவைத்து அன்றைக்குச் சமைக்கலாம். புதிதாகத் தீ மூட்டத்தான் கூடாது. அதற்காக நீண்ட நேரம் எரியும் மெழுகுவர்த்தி ஒன்று வையுங்க. 2024இல் வந்ததுபோல ரோஷ் ஹஷானா வியாழன், வெள்ளியில் விழுந்து சப்பாத் ஒட்டிக்கொண்டால், ஏருவ் தவ்ஷிலினும் (பண்டிகையன்று சப்பாத்துக்குச் சமைக்க வழிசெய்யும், முன்கூட்டியே எடுத்து வைக்கும் உணவு) புதன்கிழமையே எடுத்து வைக்கணும். இல்லாவிட்டால் வெள்ளியன்று சப்பாத்துக்குச் சமைக்க முடியாது.

ஹைஃபாக்காரி:
முகாம் வரை நானே காரில் கொண்டுவிடலாமா?

நெகேவ் நிலா:
அவர் போய்ச் சேர்வதற்குக் கார் ஓட்டலாம். நீங்க வெறுங்காரோடு திரும்பி வருவது வேறு கேள்வி. அதை இப்போதே உங்க ரப்பியிடம் (யூத மதகுரு) கேட்டுவிடுங்க. அதே பிரிவுக்காரர் ஒருவரோடு சேர்ந்து போக ஏற்பாடு செய்தால் அந்தச் சிக்கலே இல்லை.

1973 யோம் கிப்பூரில் (பாவமன்னிப்பு நோன்பு நாள்) வானொலியே ஒலிபரப்பை நிறுத்தியிருந்தது. போர் மூண்டதும் மறுபடி தொடங்கி, படைப்பிரிவுகளின் ரகசியச் சொற்களை வாசித்துத்தான் ஆட்களைக் கூப்பிட்டார்கள். 2023 அக்டோபர் 7 சிம்ஹாத் தோரா பண்டிகையும் சப்பாத்தும் சேர்ந்த நாள். போனை அணைத்திருந்த வீடுகளில் செய்தி தாமதமாகத்தான் போய்ச் சேர்ந்தது. ஒரே தெருவில் போன் திறந்திருக்கும் வீடு எது என்று பேசிவைத்துக்கொள்வது நல்லது.

பழைய மிலுயிம்:
அவர் போனபிறகு கித்துஷும் (பண்டிகையைத் தொடங்கும் திராட்சை ரச ஆசி) ஹவ்தாலாவும் (அதை முடிக்கும் ஆசி) நீங்களே சொல்லலாம், வேறு ஆண் வரும்வரை காத்திருக்க வேண்டாம். தொடர்பு அதிகாரியின் எண்ணைக் காகிதத்தில் எழுதி ஃப்ரிட்ஜில் ஒட்டுங்க. பணி முடிந்ததும் 3010 சான்றை (ரிசர்வ் பணி செய்ததற்கான படிவம்) அவர் வேலை செய்யும் இடத்தில் கொடுக்கச் சொல்லுங்க, தேசியக் காப்பீட்டுப் பணத்துக்கு அதுதான் ஆதாரம்.