மார்ட்டினி சவ்வில் லிப்பிட்கள் வட்டமாகத் திரளாமல் பட்டையாகப் பிரிவது ஏன்?

கேள்வி:
குரோமாக்ஸ் என்ற மூலக்கூறு உருவகப்படுத்தல் மென்பொருளில், சில அணுக்களை ஒரே மணியாகச் சேர்த்துக் கணக்கிடும் மார்ட்டினி 2 மாதிரியை வைத்து டிபிபிசி (நிறைவுற்ற லிப்பிட், அதாவது கொழுப்பு மூலக்கூறு), டிஎல்ஐபிசி (நிறைவுறாத லிப்பிட்), கொலஸ்ட்ரால் மூன்றையும் 42:28:30 விகிதத்தில் கலந்து, 20 × 20 நானோமீட்டர் சவ்வை 295 கெல்வினில் ஓட்டுகிறேன். காலப்படி 20 ஃபெம்டோ விநாடி. சில மைக்ரோ விநாடிகளில் டிபிபிசியும் கொலஸ்ட்ராலும் ஒன்றுசேர்ந்து விடுகின்றன. ஆனால் திட்டு வட்டமாக இல்லை. பெட்டியின் ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை பட்டையாக ஓடுகிறது. உயிரணுச் சவ்விலும் இப்படித்தான் என்று எழுதலாமா?

பதில் 1:
எழுதாதீர்கள். இந்த விகிதத்தில் பிரிவு வருவதை ரிஸ்ஸலாடாவும் மாரிங்கும் 2008-லேயே காட்டிவிட்டார்கள். பட்டை மட்டும் உங்கள் பெட்டி தந்தது: அதன் எதிரெதிர் விளிம்புகள் ஒன்றோடொன்று இணைந்திருப்பதாகக் கணக்கிடுவதால் பட்டைக்கு முனைகளே இல்லை. எல்லைக்கோடு நீள நீள ஆற்றல் செலவு கூடும் என்பதால், குறைந்த நீளமுள்ள வடிவம்தான் நிலைக்கும். பட்டைக்கு இரண்டு கரைகள், மொத்தம் 40 நானோமீட்டர். சிறுபான்மைப் பகுதி பரப்பில் 40% என்றால், அதே பரப்புள்ள வட்டத்தின் சுற்றளவு சுமார் 45. பட்டைதான் வெல்லும். 25% என்றால் வட்டம் 35-தான், அங்கே வட்டம் வெல்லும். திருப்பம் 1/π, அதாவது ஏறத்தாழ 32%. இதில் பெட்டியின் நீளமே வராது. 40 நானோமீட்டருக்குப் பெரிதாக்கினாலும் பட்டைதான் வரும். மாற்ற வேண்டியது கலவையை.

பதில் 2:
வடிவத்தைப் பேசுமுன் கொலஸ்ட்ராலின் கட்டுப்பாடுகளை, அதாவது மாறாமல் பிடித்து வைக்கும் பிணைப்பு நீளங்களைப் பாருங்கள். அந்த நீளங்களைச் சரிசெய்யும் லிங்க்ஸ் என்ற வழிமுறையின் துல்லிய அமைப்புகள் ஆர்டர் 4, இட்டர் 1 என்ற இயல்பு மதிப்பில் இருந்தால், 20 ஃபெம்டோ விநாடிப் படியில் அவை சரியாகக் குவியாமல் போகலாம். அப்போது லிப்பிட் வகைகளுக்கிடையே செயற்கையான வெப்பநிலை வேறுபாடு உண்டாகி, அதுவே பிரிவைத் தூண்டிவிடும். மோசம் என்னவென்றால், சராசரி வெப்பநிலை 295 என்றே காட்டும்! ஆர்டர் 8, இட்டர் 2, காலப்படி 10 என்று வைத்து அதே தொடக்கத்திலிருந்து மறுபடி ஓட்டுங்கள். பிரிவு தளர்ந்தால் முதல் ஓட்டத்தை நம்ப வேண்டாம்.

கேட்டவர்:
தளர்ந்ததா இல்லையா என்பதைக் கண்ணால் பார்க்காமல் எண்ணாக எப்படிச் சொல்வது?

பதில் 3:
கொலஸ்ட்ராலை விட்டுவிட்டு, ஒவ்வொரு டிஎல்ஐபிசியையும் சுற்றி சவ்வின் இரண்டு லிப்பிட் அடுக்குகளில் அதே அடுக்கில் உள்ள டிபிபிசி, டிஎல்ஐபிசிகளை எண்ணுங்கள். பாஸ்பேட் மணிகளுக்கிடையே 1.5 நானோமீட்டர் வரம்பு போதும். சீராகக் கலந்திருந்தால் அண்டை லிப்பிட்களில் டிஎல்ஐபிசி 28/70, அதாவது 0.4 இருக்கும். அதற்கு மேல் ஏறி நிலைத்தால்தான் திரட்சி. கொலஸ்ட்ராலையும் எண்ணுவதானால் அடுக்கை ஓட்டத்தில் பதிவான ஒவ்வொரு சட்டகத்திலும் புதிதாகக் கணக்கிடுங்கள். அது அடுக்கு மாறி மாறித் தாவும். இன்னொன்று, முன்பே பிரித்து வைத்த சவ்விலிருந்தும் ஓர் ஓட்டம் தொடங்குங்கள். இரண்டு ஓட்டங்களிலும் இந்தப் பங்கு நேரத்தோடு மாறும் வளைகோடுகள் ஒரே மதிப்பில் சேரும்வரை சமநிலை என்று சொல்ல முடியாது.