போலோ ஜிடி டிஎஸ்ஐ பின்னாடி லோயரிங் ஸ்பிரிங், 30 மி.மீ-ஆ 40-ஆ?

கோவை_ஜிடி:
மக்களே ஒரு டவுட்டு. 2015 ஃபோக்ஸ்வேகன் போலோ ஜிடி டிஎஸ்ஐ கார், 82 ஆயிரம் கி.மீ ஓடிருக்கு, இன்ஜின் ஸ்டாக்தான் (கம்பெனில வந்தபடியே), அந்த 105 பிஎஸ் பவரே எனக்குப் போதும். பின் வீலுக்கும் ஃபெண்டருக்கும் (வீலுக்கு மேல இருக்கற பாடி வளைவு) நடுவுல நாலு விரல் அப்படியே உள்ள போகுது, பாக்கவே கடுப்பா இருக்கு. வண்டிய தாழ்த்துற லோயரிங் ஸ்பிரிங் போட்டு முன்னாடி 30 மி.மீ எறக்கலாம்னு முடிவு பண்ணிட்டேன், பின்னாடிதான் குழப்பம். வாரநாள்ல நான் மட்டும், ஆனா மாசம் ஒருக்கா அப்பா அம்மாவோட லக்கேஜ் ஏத்திட்டு பழனி போவோம். லோக்கல் கடைல ஸ்டாக் ஸ்பிரிங்கையே ஒரு சுத்து வெட்டித் தர்றேன், 1500 ரூவாதான்ங்கறாரு, ஓகேவா?

கிரீஸ்_கை:
ஏனுங்க, வெட்ட மட்டும் விட்றாதீங்க. நம்ம வண்டில பின்னாடி ஸ்பிரிங் தனி டேம்பர் (ஷாக் அப்சார்பர்) தனி, ஸ்பிரிங் சும்மா பீமுக்கும் (ரெண்டு பின் வீலையும் இணைக்கற ஆக்சில்) பாடிக்கும் நடுவுல உக்காந்திருக்கு, அவ்ளோதான். வெட்டி கட்டையாக்கிட்டா ஜாக் வெச்சு தூக்குனதும் லூசாகி கையாலயே சுத்தலாம், பெரிய குழில வீல் தொங்குறப்பயும் அதே கதைதான், சீட்ட விட்டு நகர்ந்துரும். வேலை செய்யுற சுத்து ஆறு இருந்து ஒன்ன வெட்டுனா 20 சதவீதம் ஹார்டும் ஆகும், டேம்பர் அதுக்கு செட் பண்ணது இல்ல.

நாப்பது_போட்டவன்:
நான் 40 போட்டு அழுதவன். தனியா போறப்ப சூப்பர், பின்னாடி மூணு பேர் ஏறுனா வண்டி பம்ப் ஸ்டாப் (கடைசில தாங்கற ரப்பர் கட்டை) மேலயே உக்காந்துரும், அதுக்கப்புறம் ஸ்பிரிங் வேலையே செய்யாது, ரப்பர் மேலதான் சவாரி. ஒரு ஸ்பீட் பிரேக்கர்ல "டொம்"னு ஒரு சத்தம், முதுகுத்தண்டு வரைக்கும் வந்துச்சு. கடைக்காரர் ரெண்டு மாசத்துல செட்டாயிரும்னாரு, செட்டானது நாந்தான்.

கிரீஸ்_கை:
கோவை, கடைல கேக்கறதுக்கு முன்னாடி டேப் எடுங்க. ஹப் (வீலோட நடுப்பகுதி) செண்டர்ல இருந்து ஃபெண்டர் விளிம்பு வரைக்கும், மொதல்ல காலி வண்டி, அப்புறம் பழனி லோடோட. அந்த ரெண்டுக்கும் உள்ள வித்தியாசம்தான் உங்க கணக்கு.

கோவை_ஜிடி:
இன்னைக்கு காலைல அளந்தேன், காலி 375 மி.மீ, அப்பா அம்மா லக்கேஜோட 338. "கோயிலுக்குக் கெளம்பலையா, எதுக்குடா எங்கள ஏத்தி வெச்சிருக்க"னு அம்மா திட்டு வேற.

கிரீஸ்_கை:
பாருங்க, லோடே 37 மி.மீ தின்னுருது. 40 போட்டா நீங்க ஏறங்காட்டியே அந்த 37-க்கு மேல எறங்கிரும், லோடும் ஏறுனா பம்ப் ஸ்டாப்தான். 30 போடுங்க, அதுவும் ப்ரோக்ரஸிவ் டைப், லோடு ஏற ஏற டைட் ஆகறது. முன்ன பின்ன ஒரே செட்டா வாங்குங்க, ஒன்னொன்னா கலக்காதீங்க. 82 ஆயிரத்துக்கு டேம்பர் களைச்சிருக்கும், அதையும் சேத்து மாத்திருங்க. பின்னாடி பீம் ஆக்சில்ங்கறதால கேம்பர் (வீல் உள்ள வெளிய சாயற கோணம்) மாறாது, முன்னாடி டோ (வீல் உள்பக்கமா வெளிப்பக்கமா திரும்பியிருக்கற கோணம்) மாறும், அலைன்மென்ட் கட்டாயம்.

ஸ்டாக்கே_போதும்:
கம்பெனி ஸ்பெக்க விட்டு வண்டிய மாத்தக்கூடாதுனு 2019-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லிருக்கு பாஸ். இன்சூரன்ஸ்காரங்ககிட்ட கேட்டு எழுத்துல வாங்கிக்கோங்க, கிளைம் வர்றப்ப தலைவலி.

கோவை_ஜிடி:
அதையும் கேக்கறேன் ஜி. போட்டா 30தான், டேம்பரோட. அலைன்மென்ட் அன்னைக்கே பண்ணிரலாமா?

கிரீஸ்_கை:
ஒரு வாரம் ஓட்டுங்க, ஸ்பிரிங் இன்னும் கொஞ்சம் எறங்கும், அப்புறம் பண்ணுங்க.